புதுப்பிப்பு: பக்கவாதத்துக்குப் பின் அப்பாவின் எழுத்து – எது உதவியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடது பக்க மூளையில் பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு அஃபேசியா (மூளை பாதிப்பால் மொழித்திறன் குறைவது). நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பேசவும் எழுதவும் வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

எழுத்துகளைத் தொட்டுக் காட்டும் அட்டை உதவவில்லை. எழுத்துக்கூட்டுவதே அடிபட்டிருக்கும்போது அது கஷ்டம்தான்.

பலன் தந்தது, இங்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொன்ன வழி: படத்துக்குக் கீழே ஒரு சொல், அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதி, பிறகு மூடிவைத்து நினைவிலிருந்து எழுத வேண்டும். வலது கை வராததால் இடது கையால் எழுதுகிறார். அவருக்குத் தேவையான சொற்களையே எடுத்தோம்: காபி, மாத்திரை, பேத்தியின் பெயர். 'காபி'யில் முதலில் 'க' மட்டும் வந்தது; துணைக்காலும் ('ா') 'பி'யும் அப்புறம்தான். 'தோசை' இன்னும் 'தசை'யாகவே வருகிறது.

எதிர்பாராதது: வாயால் சொல்ல முடியாத 'காபி'யை எழுதிக் காட்டிக் கேட்கிறார்! கிழமைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறார். இன்று என்ன கிழமை என்றால் நின்றுவிடுகிறார். பழகிய வரிசை தானாக வருமாம், வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பது வேறு வேலையாம்.

இன்னொன்று: தாளில் இரண்டு மூன்று சொற்களை எழுதி, வேண்டியதை விரலால் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அவருடைய கோபம் குறைந்தது அதனால்தான்.