பாட்டு வீடியோ, சிற்பம், கொடைச் சத்தம்: ஆட்டிசம் உள்ளவர்கள் பார்ப்பதும் கேட்பதும்

பாளையங்கோட்டைக்காரி:
எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரை வீட்டில் எனக்கு இருந்த பெயர் படம் பார்க்கத் தெரியாதவள். எல்லாம் பாட்டுக் காட்சிகளால் வந்தது. பல்லவியில் பச்சைப் புடவை, சரணத்தில் மஞ்சள், ஆற்றங்கரையில் ஆரம்பித்த கால் அடுத்த அடியை மலையில் வைக்கும், வாய் ஒருவருடையது குரல் இன்னொருவருடையது. கூட உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது காதல் பாட்டு. எனக்கு அது காதல் பாட்டாக ஆவதற்கு வெகுநேரம் பிடிக்கும், ஏனென்றால் முதலில் கண்ணில் படுவது கட் விழும் இடம், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்தான். தபேலா அடியின் மேலேயே கட் விழுந்தால் உடம்பெல்லாம் இதமாக இருக்கும், கொஞ்சம் தள்ளி விழுந்தாலோ செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி, பாட்டு முடியும்வரை அதுதான் உறுத்தும்.

"ஏட்டி, அவ அழுதால்லா, உனக்குத் தெரியலையா?" என்று ஆச்சி கேட்பாள். அழுதது தெரியும். முந்தின ஷாட்டில் கண்ணீர் இடது கன்னத்தில் மட்டும் இருந்ததும், அடுத்ததில் இரண்டு கன்னத்திலும் இருந்ததும் சேர்த்தே தெரியும்.

ஊட்டா ஃப்ரித் என்ற உளவியலாளர் 1989ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: ஆட்டிசம் உள்ளவர்கள் துண்டு துண்டாகப் பார்ப்பார்கள், துண்டுகளைச் சேர்த்து முழுசாக்கும் இழுப்பு அவர்களிடம் பலவீனம் என்று. பிறகு 2006ல் அவரும் பிரான்செஸ்கா ஹாப்பேயும் எழுதும்போது இதைக் குறை என்பதைவிட நுணுக்கத்தில் ஊன்றும் ஒரு பாணி என்றே பார்த்தார்கள். எனக்கு இதுதான் ஒத்துவருகிறது. முழுப்படம் எனக்கு வராமல் போவதில்லை, கடைசியில் வருகிறது, அவ்வளவுதான். வீடியோ அதுவரை நிற்காது. கிருஷ்ணாபுரம் கோயிலில் அந்தத் தொல்லை இல்லை. நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் அவை. ஒரு கையின் நகத்தில் தொடங்கி, விலா எலும்பு, காதில் தொங்கும் நகை என்று மெதுவாக ஏறிப் போய்க் கடைசியில் முகத்துக்கு வருவேன். அப்போது அந்த முகம் தரும் உணர்ச்சி, நேராக முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தென்காசி அம்மா:
என் மகனுக்குப் பதினாலு வயது. பேச்சு ரொம்பக் குறைவு. சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு சினிமாப் பாட்டுக்காக நடிகர்கள் முகம் வரைந்த பாறை இருக்கிறதல்லவா, அந்தப் பாட்டை போனில் போட்டு ஒரே இடத்தில் நிறுத்துவான், திரும்பப் பின்னால் தள்ளுவான், மறுபடி அதே இடத்தில் நிறுத்துவான். சரி, நேரிலேயே பார்க்கட்டும் என்று பஸ்ஸில் கூட்டிப் போனேன். முகங்களை அவன் கண்டுகொள்ளவே இல்லை. வெயிலில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தான். ஒரு இடம் வந்ததும் தலையைச் சாய்த்து நின்றான். போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவன் நிறுத்தும் அந்தக் காட்சியில் பாறை எப்படித் தெரிகிறதோ அப்படியே அந்த இடத்திலிருந்து தெரிந்தது, கேமரா அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அங்கே நின்று முனகினான். பாடகர் பாடும் மெட்டு இல்லை, அதற்கு அடியில் ஓடும் பேஸ் கிடார். நான் அதுவரை அதைக் கேட்டதே இல்லை. பேசாத பிள்ளைக்குப் பாட்டு என்ன புரியப் போகிறது என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. தனிச் சுரங்களை நினைவில் வைப்பதில் ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட மேலாக இருந்ததை 1998லேயே பமீலா ஹீட்டன் என்பவர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார் என்று தெரபிஸ்ட் மேடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனோடு சேர்ந்து உட்கார்ந்து வீடியோ பார்க்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்கள்.

நாங்குநேரிப் பக்கம்:
என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவை, அதாவது கொடையைச் சொல்கிறேன், அதில் நையாண்டி மேளம் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுவான். சாமிக்கு மரியாதை இல்லை என்று திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் வில்லுப்பாட்டை அவன் அங்கிருந்தே கேட்பான். வில்லில் அடிக்கும் வீசுகோல் விழுவது, வில்லின் மணி, உடுக்கை, குடம் எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும் தூரம் அது. சுடலைமாடன் கதையில் புலவர் இரண்டு வரி விட்டுப் பாடியதை மறுநாள் காலையில் அவரிடமே போய்ச் சொன்னான். பெரியவர் கோபப்படவில்லை, "நீ சொல்லு தம்பி" என்று முழுசையும் கேட்டுக்கொண்டார். இப்போது சில கொடைகளில் அந்தப் பெரிய பாக்ஸ் ஸ்பீக்கரும் மின்னும் லைட்டும் வந்துவிட்டது, அங்கே அவனைக் கூட்டிப் போவதை விட்டுவிட்டோம்.

டவுன் காலேஜ் பையன்:
எனக்குச் சத்தத்துக்கு நிறம் உண்டு. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களை ஒருவர் தட்டிக் காட்டினார், மெல்லிய தூண் வெளிர் நீலம், தடித்தது செங்கல் நிறம். இப்படிப் புலன் உணர்வுகள் ஒன்றோடொன்று கலப்பது ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 19 சதவீதம், மற்றவர்களில் சுமார் 7 என்று 2013ல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று வந்தது. அதனால் பாட்டு வீடியோவில் சத்தத்தின் நிறமும் திரையின் நிறமும் மோதினால் எனக்குப் பார்க்க முடியாது, கண்ணை மூடிவிடுவேன்.

பாளையங்கோட்டைக்காரி:
தென்காசி அம்மா, நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன், அப்புறம் கண்ணை மூடிப் பாட்டை மட்டும், கடைசியில்தான் இரண்டையும் சேர்த்து. கட் அதிகம் உள்ள வீடியோ என்றால் வேகத்தை 0.75 வைப்பேன். விளக்கு படபடவென்று மின்னும் வீடியோ வேண்டவே வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு வருபவர்கள் மற்றவர்களைவிட அதிகம், விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவதைத் தவிர்க்கச் சொல்லி இணையதளங்களுக்கான விதியே இருக்கிறது. என்ன புரிந்தது என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், அது பரீட்சை ஆகிவிடும். அவன் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்குமில்லையா, அங்கே நிறுத்தி அவனுக்கும் காட்டுங்கள்.