மோரல் காளான்: ஏழில் ரெண்டு மட்டும் சந்தேகமா இருக்கு, உதவுங்க

கேள்வி:
வணக்கம். காளான் பறிக்கிறதுல நான் கத்துக்குட்டி. வசந்தம் தொடங்கினதுலேருந்து மோரல்ங்கிற காட்டுக் காளானைத் தேடிக் காட்டுல சுத்தறேன், முதல் ரெண்டு வாரம் ஒண்ணுகூட கண்ணுல படல. நேத்து, பட்டை உரிஞ்சு பட்டுப்போன ஒரு எல்ம் மரத்தடியில ஏழு கிடைச்சுது. அஞ்சு அப்படியே தேனடை மாதிரி குழி குழியா இருக்கு. மீதி ரெண்டுல குழி இல்ல, மேலிருந்து கீழா சுருக்கம்தான். கையில எடுத்தா தலை குடை மாதிரி ஆடுது. எல்லாத்தையும் சேர்த்துச் சமைக்கலாமா?

இன்னொண்ணு: போன வருஷம் தெரிஞ்சவர் கொடுத்த மோரலை லேசா வதக்கிச் சாப்பிட்டுட்டு ராத்திரி முழுக்க வாந்தி. அது ஏன்?

பதில் 1:
கொதிக்க வெச்சுத் தண்ணியக் கொட்டிட்டா எந்த விஷமும் போயிடும். பயப்படாம சாப்பிடுங்க.

பதில் 2:
மேல சொன்னதை தயவுசெஞ்சு கேக்காதீங்க. போலி மோரல்னு சொல்ற கைரோமிட்ராவுல இருக்குற விஷம் உடம்புக்குள்ள போய் மோனோமெத்தில் ஹைட்ரசினா மாறும், ராக்கெட் எரிபொருளா பயன்படுத்தற அதே சரக்கு. வேக வைக்கும்போது கிளம்புற ஆவியே ஆபத்து. பல மணி நேரம் கழிச்சுத்தான் வயித்தைப் புரட்டும், அப்புறம் கல்லீரலைப் பிடிக்கும்.

ஏழையும் நுனியிலேருந்து அடித்தண்டு வரைக்கும் நெடுக்கா ரெண்டா பிளந்து, உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க. நிறம், அளவு எதையும் நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
பிளந்தாச்சுங்க. அஞ்சும் தலையும் தண்டும் சேர்ந்து ஒரே வெற்றுக்கூடு, ஒண்ணுக்குள்ள ரெண்டு எறும்பு. தலையோட கீழ் ஓரம் தண்டோட ஒட்டியே இருக்கு. அந்த ரெண்டுல தண்டுக்குள்ள வெள்ளையா பஞ்சு, தலை உச்சியில மட்டும் ஒட்டியிருக்கு, பாவாடை மாதிரி சுத்தித் தொங்குது.

பதில் 2:
சொல்றதைப் பார்த்தா அந்த ரெண்டும் மோரல் இல்ல, அது மாதிரி தெரியற வெர்பாங்கிற வேற காளான். கைரோமிட்ரா அளவுக்கு மோசமில்ல, சாப்பிடறவங்களும் உண்டு. ஆனா நிறைய சாப்பிட்டு வயிறு கெட்டு, நடை தள்ளாடினவங்க இருக்காங்க. புதுசா இறங்கறவருக்கு எதுக்கு அந்த வம்பு? தூக்கிப் போடுங்க. தலை பாதித் தண்டுல ஒட்டின ஒரு நிஜ மோரலும் உண்டு, அதனால தொங்கறதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. அஞ்சையும் அனுபவம் உள்ள ஒருத்தர் கையில கொடுத்துக் காட்டுங்க. நான் எழுத்தைப் படிச்சுதான் சொல்றேன்.

போன வருஷ வாந்திக்கு நீங்க எழுதின "லேசா வதக்கி"தான் காரணமா இருக்கும். நிஜ மோரலும் பச்சையா விஷம்தான். 2023-ல அமெரிக்காவோட மொன்டானாவுல ஒரே உணவகத்துல பச்சையாவும் அரைவேக்காடாவும் பரிமாறின மோரலால 51 பேர் படுத்தாங்க, ரெண்டு பேர் இறந்தாங்க. கால் மணி நேரத்துக்குக் குறையாம நல்லா வேகட்டும். முதல் தடவை கொஞ்சமா சாப்பிடுங்க, மது வேண்டாம். ஒண்ணைச் சமைக்காம ஃப்ரிட்ஜ்ல வையுங்க, ஏதாவது ஆனா டாக்டர்கிட்ட காட்ட.

பதில் 3:
முதல் ரெண்டு வாரம் கிடைக்காததுக்கு மண்ணு குளிர்ச்சியா இருந்ததுதான் காரணம்னு நினைக்கிறேன். ஒரு விரல் ஆழத்துல 10 டிகிரி செல்சியஸ் கிட்ட வந்தாத்தான் தலை தூக்கும். வெயில் விழற தெற்குச் சரிவுல முதல்ல பாருங்க, நிழல் பக்கம் அப்புறம். போன வருஷம் தீப்பிடிச்ச ஊசியிலைக் காடு கிடைச்சா விடாதீங்க.

கேட்டவர்:
பக்கத்துல கைவிட்ட பழைய ஆப்பிள் தோப்பு ஒண்ணு இருக்கு. அங்க தேடலாமா?

பதில் 3:
மோரல் வரும், ஆனா நான் தொடமாட்டேன். அந்தக் காலத்து ஆப்பிள் தோப்புகள்ல பூச்சிமருந்தா ஈய ஆர்சனேட் தெளிச்சாங்க. ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணை விட்டு இன்னும் போகல, காளான் அதை உறிஞ்சிக்கும்.

கேட்டவர்:
நன்றிங்க. ரொம்ப வருஷமா காளான் பறிக்கிற பெரியவர்கிட்ட காட்டினேன், அஞ்சும் மோரல்தான்னார். ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல, நாலு சட்டியில. இருபது நிமிஷம் வெந்ததும் பார்த்தா ஒரு கைப்பிடிகூட இல்ல! வயிறு இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல.