கர்ட்டெயில்மென்ட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்: "கொள்ளா ஆற்றல்" சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கர்ட்டெயில்மென்ட்டுக்கு, அதாவது காற்றாலையோ சூரிய நிலையமோ தர முடிந்த மின்சாரத்தில் மின்தொகுப்பு (கிரிட்) வாங்கிக்கொள்ளாமல் விடும் பகுதிக்கு, என்ன சொல் போடலாம் என்று நான் கேட்டதற்கு ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மிக்க நன்றி. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மிகுந்த மின்தொகுப்புகளை எப்படிக் கணினி மாதிரியாக்குவது என்று ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடத்தின் வாக்கியங்களில் ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சொற்கள்தாம். வாக்கியத்தில் உட்காரும்போதுதான் அதனதன் குணம் தெரிகிறது.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். 100 மெகாவாட் நிறுவுதிறன் உள்ள ஒரு சூரிய மின்நிலையம். இப்போது அடிக்கும் வெயிலுக்கு அது 80 மெகாவாட் தர முடியும். மின்தொகுப்பு வாங்கிக்கொண்டது 55. மீதி 25-க்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். நூறிலிருந்து 55-ஐக் கழித்து 45 என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 80-க்கும் 100-க்கும் இடையில் உள்ள 20 வானத்தின் கணக்கு. அதில் யாருடைய முடிவும் இல்லை.

அந்த 25 எங்கே போனது? எங்கும் போகவில்லை, பிறக்கவே இல்லை. பலகை எந்த மின்னழுத்தத்தில் அதிகபட்சத் திறன் தருமோ அதிலிருந்து இன்வெர்ட்டர் கொஞ்சம் மேலே நகர்ந்துகொள்கிறது. மின்னோட்டம் குறைகிறது. மின்சாரமாகாத வெளிச்சம் பலகையிலேயே வெப்பமாகிறது, பலகை சற்றுக் கூடுதலாகச் சுடும். காற்றாலையில் இறக்கைகள் தம் அச்சில் திரும்பி, காற்றைப் பிடிக்காமல் நழுவவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொற்களுக்கு வருகிறேன்.

"உற்பத்தி வெட்டு" முதலில் வந்த பரிந்துரை. சுருக்கமானது, ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கமானது. ஆனால் வெட்டு என்றதும் நம் காதில் விழுவது மின்வெட்டு. மின்வெட்டு என்பது தேவைக்கு மின்சாரம் போதாத நேரம். நாம் பேசுவது மின்சாரம் தேவைக்கு மேல் கிடைக்கும் நேரம் அல்லது அதைக் கொண்டுபோக வழி இல்லாத நேரம். மாதிரியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சமன்பாடு உண்டு: உற்பத்தியும் சேமிப்பிலிருந்து எடுப்பதும் பற்றாக்குறையும் சேர்ந்தால், தேவையும் சேமிப்பில் இடுவதும் சேர்ந்த அளவுக்குச் சமம். அதில் பற்றாக்குறை ஒரு மாறி. உற்பத்திக்கு மேல்வரம்பு தனியாக நிற்கும். அந்த வரம்புக்கும் உண்மையில் எடுத்ததற்கும் உள்ள இடைவெளிதான் நம்முடைய 25. ஒரே பக்கத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு அளவுகளுக்கும் "வெட்டு" என்று எழுதினால் மாணவர் முதல் பயிற்சியிலேயே குழம்பிவிடுவார்.

"மின் விரயம்" வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பிறக்காத ஒன்றை எப்படி விரயம் செய்வது என்பது ஒரு பக்கம். பெரிய சிக்கல் வேறு. விரயம் என்று பெயர் வைத்துவிட்டால், அது பூச்சியமாக இருப்பதே நல்லது என்று படிப்பவர் முன்பே முடிவு கட்டிவிடுவார். புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு கூடக் கூட, செலவு குறைந்த தீர்வில் இந்த அளவு பெரும்பாலும் பூச்சியமாக வருவதில்லை. ஆண்டின் மிக உச்சமான சில மணி நேரத்து வெயிலையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால், அதற்கென்று தனியாக மின்கலமும் மின்பாதையும் கட்ட வேண்டும். அவை ஆண்டின் மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். அதைவிட அந்தச் சில மணிகளை விட்டுவிடுவது மலிவு. இந்த முடிவுக்கு மாணவர் தாமே கணக்குப் போட்டு வர வேண்டும். பெயரே அவரை வேறு பக்கம் திருப்பிவிடக் கூடாது.

"உற்பத்திக் குறைப்பு" பிழையில்லாத சொல், ஆனால் மிகவும் பொதுவானது. அனல் நிலையமும் உற்பத்தியைக் குறைக்கும். அங்கே எரிக்காத நிலக்கரி களத்திலேயே கிடக்கும், நாளைக்கு உதவும். இன்று விட்ட காற்று நாளை வராது. இந்த வேறுபாடு சொல்லில் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

"தணிப்பு" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுப்பைத் தணித்து வை என்கிறோம். இன்னும் எரியக்கூடிய தீயை நாமாகவே இறக்குகிறோம், வேண்டும்போது மறுபடி ஏற்றிக்கொள்வோம். செயலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் காலநிலை மாற்றத் தணிப்பு என்ற வழக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்டது. நம் பாடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வரும். "தணிப்பை அதிகரித்தல்" என்று எழுதினால் எதை அதிகரிக்கச் சொல்கிறோம்? மனமில்லாமல்தான் ஒதுக்குகிறேன்.

இனி "மறுகால்". இதைப் பரிந்துரைத்த ஐயாவின் மடலை மூன்று முறை படித்தேன். ஏரி நிரம்பினால் மிஞ்சிய நீர் மறுகால் வழியே போகிறது. நம்மிடம் வழிவழியாக இருக்கும் சொல், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பிற மொழிகளைப் பார்த்தாலும் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்பானியர்கள் இதற்கு "வெர்த்திதோ" என்கிறார்கள். கொட்டியது, வழிந்தது என்று பொருள். பிரெஞ்சில் உச்சியைச் சீவுவது என்ற பொருளில் ஒரு சொல். ஜெர்மானியர்களுக்கு இது கீழ்நோக்கிக் கட்டுப்படுத்தல். சீனர்கள் "கைவிட்ட காற்று", "கைவிட்ட ஒளி" என்றே எழுதுகிறார்கள். 2016-இல் அங்கே கைவிட்ட காற்றாற்றல் சுமார் 17 சதவீதம் வரை போயிருந்தது. அந்தச் சொல்லில் இருக்கும் வருத்தம் அந்தக் காலத்துக்குப் பொருந்தியிருக்கும். ஆக ஒவ்வொரு மொழியும் தனக்குப் பழக்கமான ஒரு காட்சியைத்தான் பிடித்திருக்கிறது. நமக்கு மறுகால் இருக்கக் கூடாதா?

அந்த ஆசையோடுதான் இரண்டு பக்கம் எழுதினேன். "காற்று மறுகால் 12 சதவீதம்" படிக்க அழகாக இருந்தது. அண்டைப் பகுதியோடு மின்சாரம் பரிமாறும் பத்தி வந்ததும் நின்றுவிட்டேன். "மிஞ்சியது மறுகால் பாய்ந்தது" என்று எழுதினால், படிப்பவர் அது பக்கத்து மின்தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். அதில் அவர் மேல் பிழையில்லை. மறுகால் நீர் அடுத்த ஏரிக்குப் போகும் நீர், அந்தச் சொல்லின் உயிரே அதுதான். நமக்கு வேண்டியதோ ஏற்றுமதியும் ஆகாத, சேமிப்புக்கும் போகாத பகுதி. அணையில் மின்சாரமாகாமல் வழிந்தோடும் நீருக்கும் மாதிரியில் தனி மாறி உண்டு. மறுகாலை அதற்கு வைத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள். அங்கே அது சொந்த வீட்டில் இருக்கும்.

சரி, அப்புறம் என்ன? "கண்கொள்ளாக் காட்சி" என்கிறோமே, அதிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. அங்கே காட்சியில் குறையில்லை, வீணும் இல்லை. கண்ணுக்குத்தான் இடம் போதவில்லை. அதேபோல் மின்தொகுப்பு கொள்ளாத ஆற்றல், கொள்ளா ஆற்றல். "செல்லாக் காசு" போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணப்படி புதுமை எதுவும் இல்லை.

எனக்கு இதில் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் "கொள்" என்ற வேர். கொள்ளளவு, கொள்கலன் என்னும்போது அது இடத்தைக் குறிக்கிறது. கொள்முதல் என்னும்போது வாங்குவதைக் குறிக்கிறது. கர்ட்டெயில்மென்ட்டுக்கும் இந்த இரண்டு வகைக் காரணங்களும் உண்டு. மின்பாதை நிரம்பியிருக்கலாம், மின்தொகுப்பின் நிலைப்புக்காக ஒரு வரம்பு இருக்கலாம், அல்லது அந்த மணியில் வாங்க ஆளே இல்லாமல் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2024-இல் இப்படி விட்டது சுமார் 34 லட்சம் மெகாவாட் மணி, பெரும்பகுதி சூரிய ஆற்றல். அதில் பாதை நெரிசலும் உண்டு, வாங்க ஆளில்லாத நேரமும் உண்டு. இரண்டையும் ஒரே வேர் தாங்குகிறது.

காரணங்களைப் பிரித்துச் சொல்லவும் வேண்டியிருக்கும். அயர்லாந்தின் கணக்கில் ஒரு வட்டாரத்தின் பாதை நெரிசலால் விட்டது தனி, மின்தொகுப்பு முழுமைக்குமான காரணத்தால் விட்டது தனி. அங்கே காற்று, சூரிய மின்சாரம் போல, சுழலும் எந்திரங்களோடு ஒத்திசையாத உற்பத்தி ஒரு நேரத்தில் 75 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் வரம்பு இன்னும் கீழே இருந்தது. நாம் "பாதை கொள்ளாதது", "தொகுப்பு கொள்ளாதது", "சந்தை கொள்ளாதது" என்று எழுதிவிடலாம். முன்னால் ஒரு சொல் மாறினால் போதும்.

மின்தொகுப்பு இயக்குநர் அறையிலிருந்து "குறைத்துக்கொள்" என்று போகும் கட்டளைக்கு மட்டும் இது பொருந்தாது. அதை "இறக்கு ஆணை" என்று தனியாகவே வைப்போம். ஆணை வேறு, அதனால் விட்ட அளவு வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்ப்பதால் நாமும் ஒன்றையே தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. மெகாவாட்டில் சொல்லும்போது கொள்ளாத் திறன், மெகாவாட் மணியில் சொல்லும்போது கொள்ளா ஆற்றல், சதவீதம் என்றால் கொள்ளா வீதம். வீதத்துக்குப் பகுதி (வகுக்கும் எண்) எது என்பதைப் பாடத்தில் அழுத்திச் சொல்லப் போகிறேன்: தர முடிந்த ஆற்றல்தான் பகுதி, தந்தது இல்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 25-ஐ 80-ஆல் வகுக்க வேண்டும், 55-ஆல் வகுத்தால் எண் வீங்கிவிடும்.

மூலவாரியாகப் பிரிக்கும்போதும் கவனம் தேவை. காற்றுக்கும் சூரியனுக்கும் எரிபொருள் செலவு பூச்சியம் என்று கொடுத்தால், எதை விடுவது என்பதில் மாதிரிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. தீர்ப்பான் (மாதிரியின் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) எதையோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதனால்தான் பைப்ஸா போன்ற, மின்தொகுப்பை மாதிரியாக்கும் திறந்த மூல மென்பொருளில் பணிபுரிபவர்கள் மிகச் சிறிய செலவு வேறுபாடு ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். அதைச் செய்யாமல் "காற்றில் இவ்வளவு, சூரியனில் இவ்வளவு" என்று அட்டவணை போட்டால் அந்தப் பிரிவுக்குப் பொருளே இல்லை. மூலத்தின் பெயரைவிட, கொள்ளாத தொகுப்பின் பெயர் முன்னால் நிற்பது இந்த வகையிலும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தயக்கமும் இருக்கிறது. "கொள்ளா" என்பது செய்தித் தலைப்பில் சட்டென்று புரியுமா? முதல் முறை "மின்தொகுப்பு கொள்ளா ஆற்றல்" என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம் என்று நினைக்கிறேன். இதைவிடத் தெளிவான சொல் இருந்தால் இதை விட்டுவிட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மாற்றுச் சொல் தருபவர்கள் அதைக் கீழே உள்ள பத்தியில் பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது:

"இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் தேவை 100 மெகாவாட். முதல் மணியில் சூரிய நிலையங்கள் 130 தர முடியும், இரண்டாம் மணியில் 50. சேமிப்பு இல்லை. மணிவாரியாகக் கணக்கிட்டால் முதல் மணியில் கொள்ளாத் திறன் 30, இரண்டாம் மணியில் பற்றாக்குறை 50. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரே காலத்துண்டாக மாதிரிக்குக் கொடுத்தால் சூரிய உற்பத்தி 90 ஆகிறது. கொள்ளா ஆற்றல் காணாமல் போகிறது, பற்றாக்குறையும் வெறும் 10 ஆகச் சுருங்குகிறது. ஆண்டைப் பத்துப் பன்னிரண்டு காலத்துண்டுகளாகப் பிரிக்கும் மாதிரியில் கொள்ளா வீதம் பூச்சியம் என்று வந்தால், 8,760 மணிகளையும் ஓட்டிப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்."

அன்புடன்.