பெனினில் கெலெதே முகமூடி ஆட்டம் பார்க்க அழைப்பு வந்திருக்கிறது: அயலூர்க்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முந்திரிக்காடு (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கோட்டனூ நகரில், மூன்று வாரங்களாகத் தங்கியிருக்கிறேன். முந்திரியைக் கொட்டையாக ஏற்றுமதி செய்வதை இந்நாடு 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டதால் உள்ளூரிலேயே உடைக்கும் ஆலைகள் பெருகி வருகின்றன. அப்படியொரு ஆலையில் இயந்திரம் பொருத்தும் வேலையாக வந்தேன். என் கார் ஓட்டுநர் சக்கேதே பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர், யோருபா மொழி பேசும் நாகோ இனத்தவர். வருகிற சனிக்கிழமை அவருடைய ஊரில், மறைந்த மூதாட்டி ஒருவரின் நினைவாகக் கெலெதே ஆட்டம் நடக்கவிருப்பதாகவும், நான் கட்டாயம் வர வேண்டும் என்றும் அழைத்திருக்கிறார். முகமூடி அணிந்து ஆடுவார்கள், முகமூடியின் மேல் பொம்மைகள் அசையும் என்பதற்கு மேல் அவருடைய பிரெஞ்சிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

சென்ற வாரம் ஒரு விடுதி முற்றத்தில் பயணிகளுக்காக நடத்தப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். நடனம், தாளம், கடைசியாக வைக்கோற்போர் போன்ற ஓர் உருவம் சுழன்று சுழன்று ஆடியது. சுழன்று முடிந்ததும் அதைச் சாய்த்துக் காட்டினார்கள், உள்ளே ஆளே இல்லை, சின்னஞ்சிறு முதலைப் பொம்மை ஒன்றுதான் இருந்தது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கைதட்டினேன் என்றாலும், எதைப் பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிராமத்திலும் அப்படி ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்துவிட்டு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இறப்புச் சடங்கை ஒட்டிய நிகழ்வுக்கு முன்பின் தெரியாத ஒருவன் போவது முறையாகுமா? எங்கே உட்கார வேண்டும், பணம் கொடுக்கலாமா, படம் எடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

கொட்டுச்சத்தம் (மறுமொழி 1)

தயங்காமல் போய் வாருங்கள், ஐயா. கோட்டனூவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெலெதே ஊர்ச் சந்தை வெளியிலோ நாற்சந்தியிலோ எல்லாரும் கூடிப் பார்க்கும் பொது நிகழ்வு. கூட்டம் பெருகுவதை அழைத்தவர்கள் பெருமையாகவே கொள்வார்கள். ‘கெலெதேயைப் பார்த்த கண் காட்சியின் எல்லையைப் பார்த்துவிட்டது’ என்று யோருபாவில் ஒரு பழமொழியே உண்டு.

முதலில் இது யாருக்காக ஆடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். ஈயா இன்லா என்னும் ஆதித்தாய்க்கும், அவள் வழிவந்த ‘நம் தாய்மார்’ என்று மரியாதையோடு சுட்டப்படும் மூத்த பெண்களுக்கும் செய்யப்படும் சிறப்பு இது. உயிரைத் தரவும் கெடுக்கவும் வல்ல ஆற்றல் அந்தப் பெண்களிடம் இருக்கிறது, அவர்கள் மனம் குளிர்ந்திருந்தால்தான் மழையும் மகப்பேறும் தடையின்றி வரும் என்பது நம்பிக்கை. அறுவடை முடிந்தபின் ஆண்டுதோறும் ஆடுவார்கள்; பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தாலும் ஆடுவார்கள்; ஊரில் முக்கியமானவர் மறைந்தாலும் ஆடுவார்கள். 2001-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆடுபவர்கள் அனைவரும் ஆண்கள். பெரும்பாலான முகமூடிகள் காட்டுவது பெண்களை. ஆட்டக்காரர் உடல் முழுவதும் சுற்றியிருக்கும் துணிகளை உற்றுப் பாருங்கள். தனியாகத் தைத்த ஆடையாக அவை இருக்காது. ஊர்ப் பெண்கள் இடுப்பில் கட்டும் துணிகளையும் தலைத்துணிகளையும் இரவல் வாங்கி அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். யாருடைய துணி யார் மேல் ஆடுகிறது என்பது கூட்டத்தில் இருக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி முகமூடி. மரத்தில் குடைந்த அது முகத்தில் மாட்டப்படுவதில்லை, தலைமேல் தொப்பிபோல் சற்று முன்சாய்ந்து உட்காரும். ஆடுபவரின் முகத்தை மெல்லிய துணி மறைத்திருக்கும். செதுக்கிய பெண்முகத்துக்கு மேலே இன்னொரு உலகமே இருக்கும்: பறவையைக் கவ்வும் பாம்பு, தலையில் கூடை சுமக்கும் சந்தைக்காரி, தையல் இயந்திரம் என்று எதுவும் இருக்கலாம். மஞ்சள் சட்டைக்காரர் ஓட்டும் செமிஜான் வாடகை மோட்டார் சைக்கிளை ஒருமுறை பார்த்தேன். கோவே, கேத்து பக்கங்களில் செய்யப்படும் சில முகமூடிகளில் இந்த உருவங்கள் அசையும். நம் பொம்மலாட்டத்தில் கலைஞர் திரைக்குப் பின்னே நின்று மேலிருந்து நூலை இழுப்பார் அல்லவா, இங்கே ஆடுபவரே துணிக்குள் கைகளை மறைத்துக் கீழிருந்து நூலை இழுக்கிறார். கால் ஒரு தாளத்தில் தரையை மிதிக்க, கை இன்னொரு கணக்கில் பொம்மையை ஆட்ட வேண்டும். உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதாக அமைந்த முகமூடி ஒன்றைக் கேத்துவில் பார்த்தேன். உலக்கை விழும் ஓசையைக் கொட்டுக்காரர் சரியாக அந்த நொடியில் எழுப்பியபோது கூட்டம் எழுந்து கூவியது.

எதைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். பொம்மை வந்தால் கண் தானாகவே மேலே போய்விடும், ஆகவே அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கால்களைப் பாருங்கள். கணுக்காலில் இரும்புச் சலங்கை கட்டியிருப்பார்கள். யோருபா ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி என்பதால் கொட்டு அந்த மொழியின் சொற்றொடர்களையே வாசிக்கும். அதை ஓர் அசை பிசகாமல் கால் திருப்பிச் சொல்ல வேண்டும், கடைசி அடியும் கடைசி மிதியும் ஒன்றாக விழ வேண்டும். இரண்டு முகமூடிகள் இணையாக ஆடும்போது இருவரும் ஒரே நேரத்தில் நிற்கிறார்களா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். பிசகினால் சிரிப்பு, சரியாக நின்றால் ஆரவாரம். அரை மணி நேரம் பார்த்தால் அந்தப் பிசகு உங்களுக்கும் தெரியத் தொடங்கிவிடும்.

தாழ்வாரம் (மறுமொழி 2)

மேலே எழுதியவர் இரவுப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சனிக்கிழமை என்று உங்கள் ஓட்டுநர் சொன்னது இரவையா, பிற்பகலையா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணா. ஏஃபே எனப்படும் முகமூடி முதல் நாள் இரவில் வந்து விடியும்வரை பாடும். ஆட்டம் களைகட்டுவது மறுநாள் பிற்பகலில். இரண்டையும் சேர்த்துத்தான் கெலெதே என்பார்கள். ஏஃபே வேண்டுதலையும் பாடும், ஊர் வம்பையும் பாடும். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர், பதவி வந்ததும் ஊரை மறந்தவர் என்று எவரையும் விடாது. பாடப்பட்டவர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சினந்து எழக் கூடாது. மொழி தெரியாவிட்டாலும் யார் பக்கம் தலைகள் திரும்புகின்றன என்பதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

என் கணவரோடு போர்ட்டோ நோவோவுக்கு வடக்கே ஓர் ஊரில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஃபே பாடிக்கொண்டிருந்தபோது கைபேசியில் படம் எடுத்தேன். ஃபிளாஷை அணைக்க மறந்துவிட்டேன். வெளிச்சம் முகத்துணியில் அடித்ததும் பாட்டு நின்றுவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்து தம் தொப்பியை என் கைபேசிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பிறகு பாட்டு தொடர்ந்தது, அதில் நான் இடம்பெற்றேன் என்பதை அக்கம்பக்கத்துச் சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே இரவில் படமே வேண்டாம். பகலில் எடுக்கலாம், ஆனால் அழைத்தவர் வழியாகப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முகமூடி அணியும் வீட்டுப் பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

எங்கே உட்காருவது என்று நீங்களே தேர்ந்தெடுக்காமல் காட்டும் இடத்தில் உட்காருங்கள். கொட்டுக்காரர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் நடுவே இருக்கும் இடத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. பணம் கொடுப்பது தவறே அன்று. நன்றாக ஆடியவருக்குப் பார்வையாளர்கள் எழுந்து போய்க் கொடுப்பது வழக்கம். ஒரு யூரோ ஏறக்குறைய 656 பிராங்க் என்பதால் 500 பிராங்க் நோட்டுகள் சில மாற்றி வைத்துக்கொண்டால் போதும். உங்கள் ஓட்டுநர் கொடுக்கும்போது அவரோடு சேர்ந்து போங்கள், வலக்கையால் கொடுங்கள். பெரிய நோட்டை எடுத்து நீட்டினால் அதற்கப்புறம் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இரவு முழுக்கத் திறந்தவெளியில் உட்கார வேண்டியிருக்கும், மலேரியா உள்ள பகுதி. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் அவசியம்.

நெடும்பயணி (மறுமொழி 3)

கேள்வி கேட்டவர் விடுதி நிகழ்ச்சியைக் கொஞ்சம் தாழ்வாக எண்ணுவதுபோல் தெரிகிறது. அவர் பார்த்தது சங்பெத்தோ. அது கெலெதேயைச் சேர்ந்ததன்று. போர்ட்டோ நோவோ பகுதியின் குன் மக்களுடையது. பெயரிலேயே இரவு இருக்கிறது. இரவில் ஊரைக் காவல் காத்த சபை அது. உள்ளே இருப்பது மனிதன் அல்லன், இரவின் ஆவி என்பதைக் காட்டத்தான் ராஃபியா நாரால் ஆன அந்தக் கூட்டைச் சாய்த்துக் காட்டுகிறார்கள். ‘எப்படிச் செய்கிறார்கள்’ என்று அங்கே யாரையும் துருவிக் கேட்காதீர்கள், கேட்பதே அவமதிப்பு. விடுதியில் ஆடினாலும் கூட்டை உடன் நின்று வழிநடத்துபவர்கள் பெரும்பாலும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். சுருக்கியிருப்பார்கள் என்பது உண்மை. அதற்காக அதைப் போலி என்று தள்ளிவிட முடியாது. கிராமத்துக்கு அழைப்பு கிடைக்காத பயணிக்கு அந்த நாற்பது நிமிடமும் ஒரு வாசல்தான்.

நடனமும் பொம்மையும் சேர்ந்த ஆட்டம் என்றால் நான் முதலில் சொல்வது மாலி நாட்டின் மார்க்கலாவை. சேகூ நகருக்கு அருகில், நைஜர் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே நடப்பதன் பெயர் சோகோ போ, அதாவது ‘விலங்கு வெளியே வருகிறது’. ஊர் இளைஞர் சங்கங்கள்தாம் நடத்துகின்றன. மூங்கிலும் குச்சியும் கட்டித் துணி போர்த்திய பெரிய எருமையோ மானோ களத்துக்குள் வரும்; உள்ளே இருக்கும் இளைஞர்கள் அதைச் சுமந்து ஆடுவார்கள்; பெண்கள் சூழ்ந்து நின்று அந்த விலங்குக்குரிய பாட்டைப் பாடுவார்கள். திடீரென்று விலங்கின் முதுகிலிருந்து சிறு பொம்மைகள் எழுந்து தலையாட்டும். ஒரு பொம்மையே இன்னும் பல பொம்மைகளுக்கு மேடையாகிவிடுகிறது. போசோ மீனவர்களிடமிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த மரபை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சேகூ பகுதியில் இன்றுள்ள பாதுகாப்பு நிலையில் யாரையும் அங்கே போகச் சொல்ல மாட்டேன். அம்மரபிலிருந்து வந்த யாயா குலிபாலியின் சோகோலோன் குழு வெளிநாடுகளிலும் ஆடியிருக்கிறது. எங்காவது அவர்கள் பெயர் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

இதைப் படித்துப் பெனினுக்குக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும்.

முந்திரிக்காடு (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. சனி இரவும் ஞாயிறு பிற்பகலும் இருந்துவிட்டு நேற்றுத் திரும்பினேன்.

இரவில் ஏஃபே பாடியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. மூன்று மணிக்கு மேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இணை எனக்குக் குறையேதும் இல்லாமல்தான் தெரிந்தது, ஊர் சிரித்தது. நான்காவது இணையில் வலப்பக்கம் ஆடியவர் கொட்டு நின்றபின் ஒரு மிதி கூடுதலாக வைத்தார். சலங்கை தனியாக ஒலித்தது. ஊர் சிரிப்பதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஓட்டுநர் திரும்பி என் தோளில் ஓங்கித் தட்டினார்.

அசையும் பொம்மை ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஏணியில் ஏறிப் பனைமரத்தில் குலை வெட்டும் ஆள். நூல் ஏதோ சிக்கியதால் பாதி ஏறி நின்றுவிட்டான். ஆட்டக்காரர் விடவில்லை, மரமேறிக்குக் கால் நடுங்குவதுபோல் தாமே நடுங்கி நடுங்கி ஆடினார். கொட்டும் உடனே அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அன்று அதிகப் பணம் விழுந்தது அவருக்குத்தான், என் 500 பிராங்கும் அதில் உண்டு.

ஓட்டுநரின் தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முகமூடி வரும்போதும் தம் மார்பைத் தொட்டு, பிறகு ஆடுபவரின் இடுப்பைச் சுட்டிக் காட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நீலத்தில் மஞ்சள் மீன் போட்ட துணி ஒன்று எந்த முகமூடியில் வருகிறது என்று அவர் தேடுகிறார் எனத் தெரிந்தது. மாலையில் கிளம்பும்போது அந்தத் துணி வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் ஒரு சாண் கிழிந்து, வியர்வையில் நனைந்து, செம்மண் அப்பியிருந்தது. அம்மையார் அதைத் துவைக்காமலே கொடியில் விரித்துக் காயப்போட்டார். தெருவில் போன இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக் கிழிசலைக் காட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் வண்டியை எடுத்தோம்.

படம் எதுவும் எடுக்கவில்லை, ஆகவே பதிவேற்ற ஒன்றும் இல்லை.