பெரியப்பா அனுப்பிய வெப்பமானிப் படம்

[6.12] பெரியப்பா: (படம்)

[6.13] பெரியப்பா: வாசல் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இவ்வளவு கீழே இறங்கி என் ஆயுளில் பார்த்ததில்லை. பூமி சூடாகிறது என்று ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறவர்கள் ஒரே ஒரு காலை இந்த வாசலில் வந்து நிற்கட்டும்.

[6.20] அத்தை: அண்ணா, முதலில் உள்ளே போங்கள். குல்லா எங்கே?

[6.21] பெரியப்பா: குல்லா போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். அப்படியும் காது மரத்துவிட்டது.

[6.34] மாமா: (பலமுறை பகிரப்பட்டது) வெயில் அடித்தால் புவி வெப்பமாதல். மழை கொட்டினால் புவி வெப்பமாதல். மழை பொய்த்தாலும் அதுவே. இப்போது குளிர் அடித்தாலும் அதுவேயாம்! எது நடந்தாலும் நாங்கள் சொன்னதுதான் என்பவனை எப்படி ஐயா தோற்கடிப்பது? சிந்திக்கும் நண்பர்களுக்கு மட்டும் பகிரவும்.

[6.36] அத்தை: பக்கத்து அறையில் இருந்துகொண்டு எனக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். என்னைச் சிந்திப்பவள் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

[6.41] அண்ணன்: அப்பா, வெப்பமானியைச் சுவரில் ஒட்ட வைத்தால் அது காற்றின் சூட்டையும் காட்டாது, குளிரையும் காட்டாது. சுவரின் சூட்டைக் காட்டும். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், வெயில் படாமல், காற்று மட்டும் புகுந்து வரும் வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

[6.43] பெரியப்பா: பெட்டிக்குள் வைத்தால் குளிர் பயந்து ஓடிவிடுமா?

[7.05] அக்கா: ஓடாது பெரியப்பா. உங்கள் வாசல் குளிர் உண்மையான குளிர்தான், மறுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் உலகம் சூடாகிறது என்று சொல்கிறவர்கள் யாரும் "இனி எந்த ஊரிலும் எந்தக் காலையும் குளிராது" என்று சொல்லவில்லை. பூமியின் சாய்வு அப்படியேதான் இருக்கிறது, குளிர்காலம் வரத்தான் செய்யும். அவர்கள் பேசுவது உலகம் முழுவதற்கும், பல ஆண்டுகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரியைப் பற்றி. 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட 2024ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகள்தான், 2024 முடிவுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடான பத்தாக இருந்தன.

[7.07] பெரியப்பா: ஒன்றரை டிகிரியா? இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? காலைக்கும் மதியத்துக்கும் அதைவிடப் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறதே.

[7.11] அக்கா: ஓர் ஊரின் மதியத்துக்கு ஒன்றரை டிகிரி ஒன்றுமில்லை. உலகச் சராசரிக்கு அது பெரிய தொகை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், வட அமெரிக்காவின் பாதி கிலோமீட்டர்க் கணக்கில் தடித்த பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. அன்றைய உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய ஆறு டிகிரிதான் குறைவு.

[7.12] அத்தை: ஆறுக்கே அப்படியா.

[7.15] மாமா: அமெரிக்க செனட் சபையிலேயே ஒருவர் பனி உருண்டையைக் கொண்டுவந்து காட்டினாரே. அவ்வளவு பெரிய சபையில் யாரும் பதில் சொல்லவில்லையே?

[7.19] அக்கா: ஜேம்ஸ் இன்ஹோஃப். 2015 பிப்ரவரி 26. பிளாஸ்டிக் பையிலிருந்து உருண்டையை எடுத்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று சொல்லிச் சபைக்குள்ளேயே எறிந்தார். அந்த மாதம் அமெரிக்காவின் வடகிழக்கு உறைந்துபோனது உண்மை. அதே மாதம் அதே நாட்டின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருந்தது. அங்கிருந்து எறிய ஓர் உருண்டைகூடக் கிடைத்திருக்காது. அந்த ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்தால், 2015தான் அதுவரை பதிவானவற்றில் மிகச் சூடான ஆண்டு. அந்தச் சாதனையும் அடுத்த ஆண்டே முறிந்தது.

[7.31] நான்: பெரியப்பா, இந்தக் குளிருக்குக் காரணமே புவி வெப்பமாதல்தான்! வடதுருவம் உருகுவதால் அங்கிருக்கும் குளிர்காற்று கீழே இறங்கிவிடுகிறது. காணொளியில் பார்த்தேன்.

[7.32] மாமா: பார்த்தீர்களா! நான் அனுப்பியதை இவனே நிரூபித்துவிட்டான். குளிர் அடித்தாலும் அதுவே!

[7.40] அக்கா: தம்பி, பொறு. குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, மிக உயரத்தில், கடுங்குளிர்க் காற்று பெரும் சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். துருவச் சுழல் என்பார்கள். சில ஆண்டுகளில் அந்த உயரத்தில் காற்று சில நாட்களுக்குள் பல பத்து டிகிரி சூடேறிவிடும். சுழல் நிலைகுலைந்து நீண்டோ உடைந்தோ போகும். 2021 ஜனவரித் தொடக்கத்தில் அப்படி நடந்தது. பிப்ரவரி நடுவில் டெக்சாஸ் உறைந்தது, மின்சாரம் நின்றது, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது என்பது உறுதி. அதனால்தான் சுழல் அடிக்கடி குலைகிறதா என்பதில் ஆய்வாளர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்குக்கு நீ தீர்ப்பு எழுதாதே.

[7.44] பெரியப்பா: அவனுக்கு இன்னொன்றும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் இதே குழுவில் அவன் போட்டதைத் தேடி எடுத்திருக்கிறேன். "இன்றைய வெயிலைப் பாருங்கள், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்" என்று எழுதி ஆறு ஆச்சரியக்குறி. ஒரு நாள் வெயில் ஆதாரம் என்றால் ஒரு நாள் குளிர் ஏன் ஆதாரம் இல்லை?

[7.45] நான்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

[7.45] அத்தை: நீக்குவதற்குள் நான் படித்துவிட்டேன்.

[7.50] அக்கா: பெரியப்பா கேட்டது நூற்றுக்கு நூறு சரி. தனியாக ஒரு நாள் வெயிலும் ஆதாரம் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டும். காலநிலை மாறாமல் இருந்தால், நீண்ட காலத்தில் "இதுவரை காணாத வெப்பம்" என்ற பதிவும் "இதுவரை காணாத குளிர்" என்ற பதிவும் ஏறக்குறைய சமமாக விழும். அமெரிக்க நிலையங்களில் 1950களில் அப்படித்தான் விழுந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டில் ஒரு குளிர்ப் பதிவுக்கு இரண்டு வெப்பப் பதிவுகள். குளிர்ப் பதிவுகள் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வாசலும் அந்தச் சிறிய பக்கத்தில் ஒன்றாக இருக்கலாம்.

[7.52] பெரியப்பா: சிறிய பக்கமோ பெரிய பக்கமோ, என் ஆயுளில் இப்படிப் பார்த்ததில்லை.

[7.58] அத்தை: அண்ணா, அப்படி மட்டும் சொல்லாதீர்கள். நாம் சிறுவர்களாக இருந்தபோது விடியற்காலையில் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. நான்கு பேருக்கு இரண்டு போர்வை. யார் இழுத்துக்கொண்டார்கள் என்று பேரப்பிள்ளைகள் இருக்கும் குழுவில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

[7.59] அப்பா: எழுதிவிடு. நானும் பாதிக்கப்பட்டவன்.

[8.00] பெரியப்பா: மூத்தவனுக்கு உரிமை உண்டு.

[8.06] அக்கா: அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2014 முதல் 2016 வரை அமெரிக்காவில் மக்கள் ட்விட்டரில் எழுதிய 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து, வானிலையைப் பற்றி எப்போது பேசுகிறார்கள் என்று ஓர் ஆய்வு பார்த்தது. எது "வழக்கம்" என்று மனம் முடிவுசெய்வது கடந்த இரண்டு முதல் எட்டு ஆண்டு அனுபவத்தை வைத்துத்தான் என்று தெரிந்தது. அதற்கு முந்தியது மங்கிவிடுகிறது. சூடு மெல்ல ஏறினால் பேச்சே எழாது, எப்போதாவது பழைய குளிர் வந்தால் ஊரே பேசும். இரவு வெப்பநிலை பகலைவிட வேகமாக ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சாதாரணமாக இருந்த காலைதான் இன்று உங்களைப் படம் எடுக்க வைத்திருக்கிறது.

[8.08] பெரியப்பா: என் நினைவை நம்ப முடியாது என்கிறாய்.

[8.08] அக்கா: யாருடைய நினைவையும் நம்ப முடியாது என்பதால்தான் குறித்து வைக்கிறார்கள்.

[8.12] அப்பா: எனக்கு ஒரு சந்தேகம். குறித்து வைக்கும் நிலையங்களைச் சுற்றியே நகரம் வளர்ந்துவிட்டதே? கான்கிரீட் சூட்டையும் உலகத்தின் கணக்கில் எழுதிவிட்டால்?

[8.21] அக்கா: அதே சந்தேகத்தோடு இறங்கியவர் ரிச்சர்ட் முல்லர், அமெரிக்க இயற்பியலாளர். கணக்கில் கோளாறு இருக்கும் என்று நினைத்து, தாமே ஒரு குழு அமைத்து, நிலையங்களின் பதிவுகளைத் திரும்ப அலசினார். நகரச் சூட்டின் பங்கையும் தனியாகப் பார்த்தார்கள். 2012இல், வெப்பமாதல் உண்மை, பெரும்பாலும் மனிதர்களால்தான் என்று வெளிப்படையாக எழுதினார். செயற்கைக்கோள் வழியாக உலக வெப்பநிலைக் கணக்கு வைத்திருக்கும் விஞ்ஞானிகள் ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் இருவரும் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் மிகை என்கிற கட்சி. அவர்களுடைய கோடும் மேலேதான் ஏறுகிறது. இதையெல்லாம் விடுங்கள், கடலில் கான்கிரீட் இல்லை. சேரும் கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள்தான் போகிறது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, சுமார் பத்து நாட்களுக்கு ஒருமுறை மேலே வந்து, வழியில் அளந்ததைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். ஆர்கோ என்று பெயர். வாசல் குளிர் அவற்றுக்குத் தெரியாது.

[8.23] மாமா: மச்சான், என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை, கவனித்தீர்களா? எப்படித் தோற்கடிப்பது?

[8.24] பெரியப்பா: கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

[8.33] அக்கா: மாமா, நீங்கள் அனுப்பியதில் அந்த ஒரு வரி மட்டும் நல்ல வரி. தோற்கடிக்க வழி இருந்தது. 1967இல் காலநிலை விஞ்ஞானிகள் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் இருவரும் கணித்துச் சொன்னார்கள்: கரியமில வாயு கூடினால் தரையோரக் காற்று சூடாகும், ஆனால் அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் அடுக்கு குளிரும். சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்து சூடாக வேண்டும். அன்று அதைச் சரிபார்க்கப் போதுமான அளவீடு யாரிடமும் இல்லை. பிறகு அளந்தார்கள். கீழே சூடு, மேலே குளிர். மாறி வந்திருந்தால் கணிப்பு அன்றே படுத்திருக்கும். மனாபே 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றும் வழி இருக்கிறது. கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்க, கடலின் வெப்பம் முப்பது ஆண்டு தொடர்ந்து இறங்கிக் காட்டட்டும், நானே உங்கள் செய்தியைப் பகிர்கிறேன். ஓர் ஊரின் ஒரு குளிர்காலை அந்தப் பரீட்சையின் வினாத்தாளிலேயே இல்லை.

[8.35] மாமா: முப்பது ஆண்டு நான் இருக்க வேண்டுமே.

[8.35] அத்தை: இருப்பீர்கள். பகிர்ந்துகொண்டும் இருப்பீர்கள்.

[8.41] பெரியப்பா: எழுபதுகளில் பனியுகம் வரப்போகிறது என்று இதே விஞ்ஞானிகள் சொன்னார்களே? பத்திரிகையில் படித்திருக்கிறேன்.

[8.46] அக்கா: பத்திரிகை சொன்னது. 1975இல் நியூஸ்வீக் இதழில் அப்படி ஒரு கட்டுரை வந்தது. 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தார்கள். குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

[8.49] பெரியப்பா: உலகச் சராசரி இறங்கிய ஆண்டே இல்லையா?

[8.53] அக்கா: தாராளமாக இருக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்து, மேலே போன கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்ததில் அடுத்த ஆண்டு உலகமே ஏறக்குறைய அரை டிகிரி குளிர்ந்தது. லா நினா, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் நிலை, வரும் ஆண்டுகளிலும் இறங்கும். இறங்கி, மறுபடி முன்பு விட்ட இடத்தைத் தாண்டி ஏறுகிறது.

[8.58] பெரியப்பா: உன்னோடு பேசி முடியாது. இப்போது வேறு சிக்கல். காலையிலேயே இந்தப் படத்தை என் நண்பர்கள் குழுவிலும் போட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடல் மிதவை விஷயத்தை நான்கு வரியில் எழுதி அனுப்பு. சுருக்கமாக இருக்கட்டும், அங்கே ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார், குடைந்துவிடுவார்.

[9.04] அக்கா: அனுப்பிவிட்டேன் பெரியப்பா. தனிச் செய்தியில் பாருங்கள்.

[9.15] பெரியப்பா: போட்டுவிட்டேன். 4,000 மிதவையையும் யார் எண்ணினார்கள் என்று கேட்கிறார்.