சுகாதாரக் கூட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகிறதே, வீட்டுக்கு என்ன பயன்?

மலையூர்ப்பெண்:
வணக்கம். ஏற்காட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் மகளிர் குழுவின் கணக்கை எழுதி வருகிறேன். மாதம் ஒரு முறை கிராம சுகாதாரச் செவிலியர் அங்கன்வாடிக்கு வந்து கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் கூட்டிப் பேசுகிறார். நாங்கள் காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவர்கள் என்பதால், மார்கழியில் பழம் பறிக்கும் நேரத்தில் அரை நாள் கூலியை விட்டு அங்கே உட்கார வீட்டில் சம்மதிப்பதில்லை. 'மாத்திரையைக் கொடுத்தால் போதாதா, பேச்சு எதற்கு?' என்று கேட்கும் மாமியார்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஓய்வுபெற்ற செவிலியர்:
அவர்கள் கேட்பது நியாயம்தான், அம்மா. நான் வாழப்பாடிப் பக்கம் பணியாற்றியபோது, ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் மூன்று மாதத்துச் சத்து மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் அலட்சியக்காரர் அல்ல. முதல் வாரமே மலம் கறுத்ததைக் கண்டு, வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்தியிருக்கிறார். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உங்கள் மலையில் வரக்காப்பியோடு மாத்திரையை விழுங்கும் பழக்கமும் உண்டு. காப்பியும் தேநீரும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், ஓரிரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை; 7-க்கும் கீழே போனால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் பிரசவ ரத்தப்போக்கே அவர் உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதையெல்லாம் மாத்திரை அட்டை பேசாது.

தோட்டத்து மேஸ்திரி:
என் தாயார், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரே கொடுக்கக் கூடாது, குடிக்கக் குடிக்கப் போகும் என்பார். போன மழைக்காலத்தில் என் மகனுக்கு வந்தபோது, கூட்டத்தில் கேட்டு வந்த என் மனைவி, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் முழுவதையும் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். நானாக இருந்தால் ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டியிருப்பேன். அப்படிச் செய்தால் உப்பு மிகுந்து கெடுதலாகுமாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவில்லை. துத்தநாக மாத்திரையையும் 14 நாள் கொடுத்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு ஓடி, இரண்டு பேர் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்கும் வேலை அந்த முறை இல்லாமல் போனது. குழந்தை கண் உள்வாங்கிச் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே போக வேண்டும் என்பதையும் என் மனைவிதான் சொன்னார்.

அங்கன்வாடி ஊழியர்:
நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று பதிவேட்டில் எழுதுவது முறையல்ல. எங்கள் ஊரில் தோட்ட வேலை முடிந்த மாலைக்கு மாற்றிய பிறகு, கணவர்கள் சிலரும் திண்ணையோரம் நின்று கேட்கிறார்கள்.

மலையூர்ப்பெண்:
அனைவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தை மாலையில் வைக்கும்படி செவிலியரிடம் கேட்டு, மாமியார்களையும் அழைத்துப் போகிறேன். வரக்காப்பி விஷயத்தை முதலில் என் வீட்டில்தான் சொல்ல வேண்டும்; என் மருமகளுக்குக் காலையில் மாத்திரையும் டம்ளரும் சேர்த்துக் கொடுப்பவளே நான்தான்.