அம்மம்மாவின் றங்குப்பெட்டி: எதை வைப்பது, எதை விடுவது?

வெள்ளவத்தை வாசி:

வணக்கம். அம்மம்மா இருந்த தொடர்மாடி வீட்டை அடுத்த மாத முடிவுக்குள் வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டும். தளபாடத்துக்கு ஆள் இருக்கிறது. தலையிடி சின்னச் சாமான்கள்தான். இரண்டு றங்குப்பெட்டி, அலுமாரியில் நாலு லாச்சி. உள்ளே ரப்பர் பாண்ட் போட்ட நீல விமானத் தபால் கடிதக் கட்டுகள், ஒட்டும் பக்கமுள்ள இரண்டு அல்பம், இருபது கசெற், கூறைச்சேலை, பாக்குவெட்டி, மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிக்கும் பேணி), சில்லறைக் காசு நிறைந்த ஒரு போத்தல், பழைய அடையாள அட்டை, ஓலைச் சாதகம், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிக்கொத்து. மாமா ரொறன்ரோவில், சித்தி லண்டனில். இரண்டு பேருக்கும் பங்கு வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? எதைக் கழுவலாம், எதைத் தொடக்கூடாது, எதைத் துணிந்து எறியலாம்?

பழஞ்சாமான்:

முதல் நாள் ஒன்றையும் துடைக்காதேங்கோ. ஒரு சீ.ஆர். கொப்பி, பென்சில், போன் இவ்வளவும் போதும். பெட்டியைத் திறந்ததும் உள்ளே கை வைக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கோ. ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் இன்னொன்று. சின்னச் சாமானின் பெறுமதியில் பாதி, அது எதோடு கிடந்தது என்பதில் இருக்கிறது. சாவிக்கொத்து தனியே லாச்சிக்குள் கிடந்தால் வெறும் இரும்பு. காணி உறுதிக் கட்டோடு சேர்ந்து கிடந்தால் ஊர்வீட்டுச் சாவியாக இருக்கலாம். இரண்டையும் வேறு வேறு பையில் போட்ட பிறகு அந்தத் தொடர்பை யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

கொப்பியில் ஐந்து நிரல் போடுங்கோ: இலக்கம், சாமான், எங்கே கிடந்தது, யாருடையது, யார் சொன்னது. கடைசி நிரலை விடவே கூடாது. "சித்தி சொன்னவ" என்பதும் "ஊகம்" என்பதும் பத்து வருசத்துக்குப் பிறகு ஒன்றாகிவிடும். சாமானில் நேரே எழுதாமல் சின்னக் காகிதத் துண்டில் பென்சிலால் இலக்கம் எழுதி, வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கோ. செலோரேப் ஒட்டினால் பசை இறங்கிக் கறை பிடிக்கும்.

அடுத்தது, உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரைப் பிடியுங்கோ. பொருளை விட ஆள் அவசரம். ஒவ்வொரு படமாக அனுப்பி, "இது என்ன?" என்று கேட்காமல் "இதை ஆர் பாவிச்சது, எந்த வீட்டில?" என்று கேளுங்கோ. "என்ன" என்றால் "பாக்குவெட்டி" என்பதோடு முடிந்துவிடும். அவருடைய சம்மதத்தோடு அழைப்பைப் பதிவு செய்யுங்கோ. ஒரு இருப்பில் பத்துச் சாமானுக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்துப்போவார்கள்.

றங்குப்பெட்டி அடியில் விரித்த பத்திரிகைத் தாளை உருட்டி எறிய முதல் திகதியைப் பாருங்கோ. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை, இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் விரித்திருக்கும். பெட்டி கடைசியாக எப்போது அடுக்கப்பட்டது என்பதை அந்தத் தாள் சொல்லும். திகதி தெரியப் படம் எடுத்துவிட்டுத் தாளை அகற்றுங்கோ. பத்திரிகைத் தாளில் அமிலம் அதிகம், தொட்டுக் கிடக்கும் துணியும் மஞ்சளாகும்.

உறுதி, நொத்தாரிசின் பிரதி, பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடகுச் சிட்டை இவை நினைவுப் பொருள் அல்ல. முதல் நாளே தனிக் கோவையில் போட்டுச் சட்டத்தரணியிடம் காட்டுங்கோ. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட குடும்பம் என்றால் முதுசமா (பரம்பரையாக வந்தது), சீதனமா, தேடிய தேட்டமா (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்ற கேள்வி வரும். பதில் அந்தக் கடுதாசிகளில்தான் இருக்கும்.

எறியக்கூடியது: மின்சார, தண்ணீர் பில் (விலாசத்துக்காக வீட்டுக்கு ஒன்று மிஞ்சட்டும்), வெறும் மருந்துப் போத்தல், ஒரே படத்தின் மங்கலான இரண்டாம் மூன்றாம் பிரதி. ஒரு எச்சரிக்கை. 83 ஜூலைக் கலவரத்திலும் பிறகு இடம்பெயர்வுகளிலும் எங்கள் சனத்தில் பலருக்கு அல்பம், சான்றிதழ் எல்லாம் போய்விட்டது. அதனால் ஒரு பங்கீட்டுக் கூப்பன் புத்தகமோ பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையோ அந்த ஆளைப் பற்றி மிஞ்சிய ஒரே எழுத்தாக இருக்கலாம். வேறு சான்று இருக்கிறதா என்று கேட்ட பிறகே எறியுங்கோ.

கடிதக்கட்டு:

காகிதம், படம், கசெற் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொழும்பு ஈரப்பதன் காகிதத்துக்கு எதிரி. வருடத்தில் ஓரளவு காய்ந்த காலம் ஜனவரி, பெப்ரவரி. அதுவரை உங்களால் காத்திருக்க முடியாது. ஏசி உள்ள அறையில், மழை இல்லாத நாளில் பிரியுங்கள். ரப்பர் பாண்ட் உருகி ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கத்தரித்து எடுத்துவிட்டு, தாளில் ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள், காய்ந்து தானாக உதிரும். கறள் பிடித்த கிளிப்பின் கீழ் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டைச் செருகி, அதன் மேலாகக் கிளிப்பை நழுவ விடுங்கள்.

நீலக் கடிதத்தை விரித்து மட்டமாக வைக்க வேண்டும். மடிப்பில்தான் முதலில் கிழியும். முத்திரையை வெட்டி எடுக்காதீர்கள், திகதியும் ஊரும் தபால் குறியில் இருக்கின்றன. உள்நாட்டுக் கடிதத்தில் குறி மங்கியிருந்தால் முத்திரையில் நாட்டின் பெயரைப் பாருங்கள். 1972 மே 22இல்தான் பெயர் "ஸ்ரீ லங்கா" என்று மாறியது, ஆகவே "சிலோன்" என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. இன்னொன்று: உங்களிடம் இருப்பது வந்த கடிதங்கள். அம்மம்மா எழுதியவை ரொறன்ரோவிலும் லண்டனிலும் கிடக்கும். பங்கு கேட்பவர்களிடம் அவற்றின் ஸ்கானை நீங்களும் கேளுங்கள்.

ஒட்டும் அல்பத்தில் படத்தைப் பிய்க்கவே வேண்டாம். முதலில் பக்கம் முழுவதையும் ஸ்கான் செய்துவிடுங்கள். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் செருகி, வாள் அறுப்பது போல மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். படத்தின் மேற்படை சுருங்குவது தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். படங்களுக்கு 600 டிபிஐ, அடையாள அட்டை அளவுள்ள சின்னப் படத்துக்கு 1200, கடிதத்துக்கு 300 நிறத்தில் போதும். பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள், ஸ்ரூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான். நெகற்றிவ் உறையைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அந்தப் பிலிம் அழியத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும், உடனே பிரித்து வைத்து அதையே முதலில் ஸ்கான் செய்யுங்கள்.

கசெற் இருபது என்கிறீர்கள். அவற்றில் பாட்டு எது, வெளிநாட்டில் இருந்து பேசி அனுப்பியது எது என்று உறை சொல்லாது. பாட்டுக் கசெற்றின் கடைசியிலும் பேச்சு இருக்கலாம், இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்க வேண்டும். போட முதல் மேலே உள்ள இரண்டு சின்ன பிளாஸ்ரிக் நாக்கையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சணம். அதைப் பிளேயரில் போட்டால் மற்ற கசெற்றுக்கும் பரவும், தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். நாடா கெட்டுவிட்டது என்று எறியாமல், ஒரு வெற்றுக் கசெற்றின் கூட்டுக்குள் மாற்றலாம். ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பதியுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி., அறுபது நிமிடக் கசெற் 600 எம்.பி.

அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான கிரியை) அச்சிட்ட கல்வெட்டு எனும் நினைவுப் புத்தகம் கிடைத்தால் அது தங்கம். வம்சாவளி அதில் இருக்கும். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடப் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் வரும். தமிழ் வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும்: நந்தன என்றால் 1952–53 அல்லது 2012–13. எந்தச் சுற்று என்பதைத் தாளும் அச்சும் காட்டிவிடும். இப்படியான புத்தகங்களின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு (ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்துபவர்கள்) ஸ்கான் செய்யக் கொடுப்பது நல்லது.

செம்பும் பித்தளையும்:

காசுப் போத்தலை ஒரு துணியில் கொட்டிப் பிரிக்கவும், கழுவ வேண்டாம். புளியோ பொலிஷோ போட்டால் மேற்பரப்பு தேயும், சேகரிப்பவர் யாரும் பிறகு வாங்கமாட்டார். சதுர ஐந்து சதம், விளிம்பு வளைந்த இரண்டு சதம் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நிறைய அடிக்கப்பட்டவை, விலை பெரிதாக இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசு இருந்தால் அவிழ்க்காதீர்கள். அது நேர்த்திக் காசு. யாருக்கோ வருத்தம் வந்தபோது முடிந்து வைத்து, கோயிலுக்குச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். எந்தக் கோயிலுக்கு என்று மூத்தவரிடம் கேட்டு, அந்த உண்டியலில் முடிச்சோடு போடுங்கள். தெரியாவிட்டால் குடும்பம் வழக்கமாகப் போகும் கோயில். இதற்குப் பங்கு பிரிக்கக்கூடாது.

நகை இருந்தால் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் நிறை, மாற்று (பொன்னின் தரம்) பார்க்கலாம், உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு பவுண் 8 கிராம். பழைய கல் வைத்த அட்டியல், தோட்டுக்குள் அரக்கு அடைத்திருக்கும், நிறை முழுவதும் பொன் அல்ல. அதனால்தான் சூடு காட்டவோ சுடுநீரில் போடவோ கூடாது, அரக்கு இளகிக் கல் விழும்.

கூறைச்சேலையைக் கஞ்சி போடாத, துவைத்த பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம். பூச்சி உருண்டை சரிகையில் தொட்டால் கறுக்கும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடிப்போடு வெட்டுப்படும்.

ஓலைச் சாதகத்துக்கு மெல்லிய காய்ந்த தூரிகை மட்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பூசினால் பிசுக்கில் தூசியும் பூஞ்சணமும் பிடிக்கும். எழுத்துத் தெரியாவிட்டால் ஓலையை மேசையில் வைத்து ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், கீறல் நிழல் விழுந்து தெரியும்.

அடையாள அட்டையோடு சாதகத்தை ஒப்பிடுங்கள். ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 31 561 என்று தொடங்கினால் 1931 மார்ச் 1. சாதகத்தில் வேறு நாள் இருந்தால் இரண்டையும் குறித்து வையுங்கள். இலக்கத்தைக் குடும்பக் குழுவில்கூடப் படம் போடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசி:

மிகவும் நன்றி. மஞ்சள் முடிச்சு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். இரண்டு கேள்வி. மூக்குப்பேணியின் வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துகள், பாதி தேய்ந்திருக்கிறது. எப்படி வாசிப்பது? மற்றது, ஒரே பாக்குவெட்டியை மாமாவும் சித்தியும் கேட்கிறார்கள்.

பழஞ்சாமான்:

புள்ளி எழுத்து என்றால் உளியால் பெயர் வெட்டியது. சுண்ணாம்போ மாவோ தேய்க்காதேங்கோ, புள்ளிக்குள் இறங்கி வெளியே வராது. இரவில் விளக்கை அணைத்து, ரோச்சை எழுத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து, நாலு பக்கத்தில் இருந்தும் நாலு படம் எடுங்கோ. ஒன்றில் தெரியாத எழுத்து மற்றதில் தெரியும். வெட்டிய பெயர் பாவித்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கலியாணத்துக்குக் கொடுத்தவர் தன் பெயரை வெட்டியிருக்கலாம். சபைக்கு இரவல் போகும் பாத்திரம் மாறாமல் இருக்க வீட்டுத் தலைவரின் முதலெழுத்தை வெட்டுவதும் உண்டு. எழுத்தைக் குடும்ப மரத்தில் மூன்று தலைமுறைக்கும் பொருத்திப் பாருங்கோ. பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் காய்ந்த தூரிகையால் தட்டி, ஈரமில்லாத இடத்தில் தனியே வையுங்கோ.

பங்குக்கு: இலக்கமிட்ட படங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்புங்கோ. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய ஐந்தை வரிசைப்படுத்தி உங்களுக்கு மட்டும் எழுதட்டும். குழுவில் எழுதினால் ஒருவர் கேட்டதைப் பார்த்து மற்றவர் கேட்பார். பாக்குவெட்டி போல மோதும் சாமானுக்கு, இரண்டு பேரும் அதைப் பற்றித் தெரிந்ததை எழுதி அனுப்பட்டும். அப்படி எழுதும்போதே ஒருவர் விட்டுக்கொடுப்பது வழக்கம். இல்லாவிட்டால் திருவுளச் சீட்டு. கிடைக்காதவருக்கு அதே கொப்பிக் குறிப்பின் பிரதியும் நல்ல படமும். சோடியாக உள்ளதை, வெற்றிலைத் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் போல, பிரிக்காதேங்கோ.

வெளிநாட்டுக்கு அனுப்ப முதல் ஒன்று. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. ஓலைச்சுவடி, பழைய விக்கிரகம் என்றால் கொழும்பு 7 தொல்பொருள் திணைக்களத்தில் கேட்ட பிறகே பொதி கட்டுங்கோ. யானைத்தந்தப் பிடி, ஆமையோட்டுச் சீப்பு எதையும் பயணப் பையில் போட வேண்டாம், அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் பறிபோகும்.

ஒவ்வொரு சாமானோடும் போகும் துண்டு இந்த அளவில் இருந்தால் போதும்:

"இல. 14. மூக்குப்பேணி, பித்தளை. பெரிய றங்குப்பெட்டியில் கூறைச்சேலைக்கு அடியில் இருந்தது. வாய்க்குக் கீழே இரண்டு எழுத்து, இரண்டாவது தேய்ந்துவிட்டது. அம்மம்மா இதில் தேத்தண்ணி குடிப்பவ: சொன்னது சித்தி, தொலைபேசியில். யார் கொடுத்தது: இன்னும் கேட்க வேண்டும்."